தண்ணீர் வரிசை

பிரிஸ்கில்லாவிடம் ஒரு கோளாறு உண்டு. எதையாவது வரிசையாக வைத்துவிட்டால், அதில் ஒன்றை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக அவளால் முடியாது. ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டில் அறை துடைக்கும் வேலை பார்த்தபோது, வரவேற்பறைத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பும் அவள் தலையில் விழுந்தது. எட்டுத் தொட்டிகள். அவற்றில் மூன்று பிளாஸ்டிக் செடி. எட்டுக்கும் ஊற்றினாள். மேனேஜர் கூப்பிட்டு, பிளாஸ்டிக் என்றுகூடவா தெரியவில்லை என்று கேட்டிருக்கிறார். தெரியும், தாண்டிப் போகத்தான் மனசு வரவில்லை என்று இவள் சொல்லியிருக்கிறாள். தரைவிரிப்பு ஊறி நாற்றமெடுத்ததில் அந்த வேலை போயிற்று.

இதை அவள் என்னிடம் சொன்னது வண்டூர் பஸ்ஸில். நான் குழந்தைவேலு. சௌல்தாரியில் இருக்கும் ஒரு பயிர்நோய் ஆராய்ச்சிப் பண்ணையில் டைப்பிஸ்ட். இரண்டு வருஷம் இருந்துவிட்டுப் புதுக்கோட்டைக்குத் திரும்பிவிடலாம் என்று கப்பல் ஏறியவன். அந்த இரண்டு வருஷம் இன்னும் முடியவில்லை. செடி கொடி என்றால் எனக்கு ஆகாது. மழை அதைவிட ஆகாது. ஆனால் பண்ணையின் அறிக்கைகள் எல்லாம் என் விரல் வழியாகத்தான் போகின்றன. வேண்டாம் என்றாலும் சில சங்கதிகள் மண்டைக்குள் ஏறிவிட்டன.

பிரிஸ்கில்லாவின் அப்பா மணப்பாட்டிலிருந்து படகு வேலைக்கு வந்த தச்சர். அவள் பிறந்தது வண்டூரில். பள்ளிக்கூடத்தில் இந்தி, கோயிலில் தமிழ், பக்கத்து வீட்டோடு சண்டை போட வங்காளி என்று மூன்றும் சரளம். புருஷன் ஜெரால்ட் சின்ன டிங்கிப் படகு ஒன்று வைத்து மீன் பிடிக்கிறான். கடற்கரை ஓட்டல்களுக்கு இறால் கொடுப்பான். ஓட்டல்காரர்கள் உரித்த இறாலைத்தான் வாங்குவார்கள். உரிப்பது பிரிஸ்கில்லா. உரித்த ஓட்டை அவள் வீணாக்க மாட்டாள். உரலில் இட்டு நசுக்கி, பானைத் தண்ணீரில் போட்டு, நன்றாகப் புளித்ததும் வடிகட்டி வீட்டுச் செடிகளுக்கு ஊற்றுவாள். அவள் வீட்டுக் கறிவேப்பிலையைக் கறிவேப்பிலை மரம் என்றுதான் சொல்ல வேண்டும்.

பண்ணையில் அவள் டி.ஆர்.எம்., அதாவது தினக்கூலி மஸ்தூர். இந்தத் தீவுகளில் மனித வாழ்க்கைக்கு இரண்டே பாகங்கள். டி.ஆர்.எம். ஆக இருந்த காலம், பெர்மனென்ட் ஆன பிறகு வந்த காலம். கல்யாணம், பிள்ளைப்பேறு, சாவு எல்லாம் இந்த இரண்டில் எதற்குள் நடந்தது என்றுதான் பேச்சு வரும். பிரிஸ்கில்லா பதினொரு வருஷமாக முதல் பாகத்திலேயே இருந்தாள். விதை போட்டு நாற்று வளர்ப்பது அவள் பொறுப்பு. அவள் கையில் ஒரு நாற்று செத்து நான் பார்த்ததில்லை. நான் பார்க்கப் போனதும் இல்லை என்பது வேறு விஷயம்.

பாலிஹவுஸ் என்று பிளாஸ்டிக் தாள் போர்த்திய கூடாரம் ஒன்று எங்களிடம் உண்டு. அதற்கு அதிபதி டாக்டர் உமா மகேஸ்வரி. கோயம்புத்தூர்க்காரர். வேலையில் கெட்டிக்காரர், சிரிப்பதில் சிக்கனம். அன்றைக்கு ஒருநாள் எங்கள் எல்லாரையும் நிற்க வைத்து ஒரு சேதி சொன்னார். மழை ஓய்ந்ததும் மெயின்லேண்டிலிருந்து கமிட்டி வருகிறது. மிளகாய்ச் சோதனையில் முடிவு காட்டினால் திட்டம் நீளும், டி.ஆர்.எம்.களில் முதல் பெயராக பிரிஸ்கில்லாவைப் பெர்மனென்ட்டுக்கு எழுதுவார். காட்டாவிட்டால் பாலிஹவுஸை மூடிவிடுவார்கள். மூடினால் அதில் இருக்கிற டி.ஆர்.எம்.கள் அன்றோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"அப்ப செடி நல்லா இருந்தா எனக்கு வேல பக்கா. அப்படித்தான அண்ணாச்சி?" என்று பஸ்ஸில் கேட்டாள்.

அப்படித்தான் என்று நானும் தலையாட்டினேன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மேடம் செய்துகொண்டிருந்த சோதனையைச் சொல்லிவிடுகிறேன். செடிக்குக் கண் இல்லை, காது இல்லை. நமக்கு ரத்தத்தில் ஓடியாடி நோயைத் தேடும் அணுக்கள் உண்டு, செடிக்கு அதுவும் இல்லை. ஒவ்வொரு செல்லும் தன் வாசலைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். அதற்காக செல்லின் மேல்தோலில் ஏகப்பட்ட உணரிகள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு துணுக்குத்தான் அடையாளம் தெரியும். ஒன்றுக்கு, பாக்டீரியா நீந்துகிற வாலின் ஒரு துண்டு. இன்னொன்றுக்கு, பூஞ்சையின் சுவரில் இருக்கும் கைட்டின் என்ற பொருளின் ஒரு துண்டு. முழு ஆளை அவை கண்டதே கிடையாது. சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்த்தே திருடன் என்று முடிவு கட்டிவிடும்.

துணுக்கு வந்து ஒட்டியதும் செல்லுக்குள் கால்சியம் பாய்கிறது. சுவரோரம் ஹைட்ரஜன் பெராக்சைடு சுரக்கிறது. புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே, அதே சரக்கு. உள்ளே ஒரு புரதம் இன்னொரு புரதத்தின் மேல் பாஸ்பேட் என்ற முத்திரையைக் குத்துகிறது. முத்திரை வாங்கியது விழித்துக்கொண்டு அடுத்ததன் மேல் குத்துகிறது. இப்படியே கை மாறி சேதி மரபணுக்கள் வரை போய்ச் சேர்கிறது. எங்கள் அலுவலகத்தில் ஃபைல் நகர்வதும் இந்த முறையில்தான். செடியில் அது சில நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது, அதுதான் வித்தியாசம். அதன் பிறகு செடி சுவரைத் தடிப்பாக்கும், இலைத் துளைகளைச் சாத்தும், பூஞ்சையின் சுவரைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கும். இதையும் தாண்டி உள்ளே கை வைப்பவனைப் பிடிக்க செல்லுக்குள் வேறு காவல் இருக்கிறது. அது விழித்துவிட்டால் அந்தச் செல் தன்னையே கொன்றுகொள்ளும். நுழைந்தவன் அங்கேயே மாட்டிக்கொண்டு பட்டினி கிடப்பான், மற்ற செல்கள் பிழைத்துக்கொள்ளும்.

இதில் ஒரு நஷ்டமும் உண்டு. காவலுக்குப் போன செடி வளர்வதைக் குறைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் சேர்த்துச் செலவழிக்க அதனிடம் சத்து கிடையாது.

மேடத்தின் யோசனை இதுதான். சுத்தம் செய்த கைட்டின் துணுக்குகளைத் தண்ணீரில் கலந்து மிளகாய்ச் செடிக்கு முன்கூட்டியே கொடுத்துவிடுவது. பூஞ்சை வந்துவிட்டது என்று செடி நம்பி விழித்துக்கொள்ளும். பிறகு நிஜமான பூஞ்சை வரும்போது அது தயாராக இருக்கும். புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது. எங்கள் தீவு மழையில், எங்கள் மிளகாயில் பலிக்குமா என்பதுதான் கேள்வி. அதனால் இரண்டு வரிசை. ஒன்றுக்குக் கொச்சியிலிருந்து பாட்டிலில் வந்த கைட்டின். இன்னொன்றுக்கு வெறும் தண்ணீர். கொஞ்ச நாள் கழித்து இரண்டின் மேலும் இலைப்புள்ளிப் பூஞ்சையைத் தெளிப்பார்கள்.

தண்ணீர் ஊற்றுவது வெள்ளைச்சாமி. ராமநாதபுரம் ஆள், அவனும் டி.ஆர்.எம். மருந்துக்குச் சிவப்பு வாளி, வெறும் தண்ணீருக்கு நீல வாளி. அவனிடம் வேறு எந்தக் குறையும் இல்லை, உட்கார்ந்தால் தூங்கிவிடுவான்.

பூஞ்சையைத் தெளித்தார்கள். மருந்து வரிசை அசையவில்லை. மேடத்துக்குச் சந்தோஷம். தண்ணீர் வரிசையும் அசையவில்லை. மேடத்தின் சந்தோஷம் அத்தோடு நின்றது.

பூஞ்சை செத்துப்போயிருக்கும் என்று நினைத்து அதை வெளியே நின்ற ஒரு காட்டுமிளகாயில் தெளித்துப் பார்த்தார். அது ஒரு வாரத்தில் மொட்டையானது. தண்ணீரைச் சோதித்தார். மண்ணைச் சோதித்தார். விதையை மாற்றி முதலிலிருந்து போட்டார். மறுபடியும் இரண்டு வரிசையும் கல்யாண வீட்டு வாழை போல நின்றன. தண்ணீர் வரிசையில் பூஞ்சை தெளிக்காமல் விட்ட செடி ஒன்றிலிருந்து பொட்டு அளவு இலைவட்டங்களை வெட்டி, இருட்டறைக் கருவியில் வைத்து, பூஞ்சைத் துணுக்கைக் கொடுத்துப் பார்த்தார். செடி பெராக்சைடு சுரந்தால் அந்தக் கருவி சின்ன வெளிச்சமாகக் காட்டும். புதுச்செடி தயங்கித் தயங்கி வெளிச்சம் விட வேண்டும். இதுவோ பழக்கப்பட்ட போலீஸ்காரர் மாதிரி உடனே விட்டது. பூஞ்சையையே பார்த்திராத செடிக்கு இந்த அனுபவம் எங்கிருந்து வந்தது என்று மேடம் என்னிடமே கேட்டார். என்னிடம் கேட்கிற அளவுக்கு வந்துவிட்டாரே என்று எனக்குப் பாவமாக இருந்தது.

இன்னொரு விசித்திரமும் இருந்தது. தண்ணீர் வரிசை மருந்து வரிசையை விடக் கொஞ்சம் குட்டையாக இருந்தது. மருந்து வரிசை குட்டையாக இருந்தால் நியாயம், அது காவல் வேலை பார்க்கிறது. வெறும் தண்ணீர் குடித்தது எதற்குக் குட்டையாக வேண்டும்?

"அந்த வரிச வளரவே மாட்டேங்குது அண்ணாச்சி. பாத்தா வயிறு எரியுது" என்று பிரிஸ்கில்லா பஸ்ஸில் புலம்பினாள். அவளுடைய பையில் எப்போதும் ஒரு பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டில் இருக்கும். குடிதண்ணீர் என்று நினைத்திருந்தேன்.

யோசித்து யோசித்து மேடம் ஒரு முடிவுக்கு வந்தார். வாளி மாறியிருக்கிறது. வெள்ளைச்சாமி தூக்கக் கலக்கத்தில் சிவப்பு வாளியை இரண்டு வரிசைக்கும் ஊற்றுகிறான். வேறு எந்த வழியிலும் கைட்டின் தண்ணீர் வரிசைக்கு வர முடியாது. மாசக் கடைசியோடு நின்றுகொள் என்று சொல்லிவிட்டார்.

"மாதா சத்தியமா நான் மாத்தல மேடம்" என்றான் அவன். அவன் இந்து. பதற்றத்தில் பிரிஸ்கில்லாவின் சத்தியம் வாயில் வந்துவிட்டது.

டீக்கடையில் பிரிஸ்கில்லா அவனை ஒரு பிடி பிடித்தாள். "ரெண்டு வாளி. ரெண்டே ரெண்டு. அதக்கூட ஒழுங்கா ஊத்த மாட்டியால? ஒன்னால இப்ப எல்லாருக்கும் வேல பேக்கார் ஆவப்போவுது!"

அவன் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனான். அந்த டீயை நான் குடித்தேன்.

அதற்கு மறுநாள்தான் கொச்சியிலிருந்து இன்னொரு பாட்டில் வந்தது. விமானத்தில் வந்து, தலைநகர் ஸ்ரீவிஜயபுரத்தில் எங்கோ மாட்டி, நான் நாலு தரம் போன் போட்டபிறகு வந்து சேர்ந்தது. அந்த எரிச்சலில் மேடத்திடம் கேட்டேன், இந்தப் பாட்டிலுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்று.

"இறால் ஓடுங்க."

"எது மேடம்?"

"இறால் ஓடு, நண்டு ஓடு. அதுலயும் கைட்டின்தானுங்க இருக்கு. பூஞ்சை சுவத்துல இருக்கற அதே பொருள். கம்பெனியில கழுவி, துண்டு துண்டா ஒடச்சு, சுத்தம் பண்ணி அடைச்சுத் தர்றாங்க. வந்தது பூஞ்சையா இறாலான்னு செடிக்கு வித்தியாசம் தெரியாது."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. நாலு பக்கமும் கடல், கடல் நிறைய இறால், ஓடு கொச்சியிலிருந்து விமானத்தில் வருகிறது. இந்தப் பண்ணையின் மொத்த நிர்வாகமும் இந்த ஒரு பாட்டிலில் அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் பஸ்ஸில் பிரிஸ்கில்லாவிடம் சொன்னேன். அவளும் சிரிப்பாள் என்றுதான் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. "றாலு ஓடா?" என்றாள்.

"ஆமா. நீ உரிச்சுப் போடுறியே, அதே சரக்கு."

"செடிக்கு வித்தியாசம் தெரியாதா அண்ணாச்சி?"

"தெரியாதாம்."

வண்டூரில் பஸ் நின்று எல்லாரும் இறங்கிவிட்டோம். அவள் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். கண்டக்டர் வந்து, "தீதி, உத்ரோ" என்று இறங்கச் சொன்ன பிறகுதான் எழுந்தாள்.

மறுநாள் காலை நான் மேடத்தின் அறையில் டிக்டேஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். பிரிஸ்கில்லா கேட்காமல் உள்ளே வந்து, அந்தக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலை மேஜை மேல் வைத்தாள். மூடியைத் திறந்தாள். அறையில் இருந்த நாங்கள் மூன்று பேரும் கொஞ்சம் பின்னால் நகர்ந்தோம், அவள் உட்பட.

"என்னதுங்க இது?" என்றார் மேடம், மூக்கைப் பொத்திக்கொண்டு.

"றாலு தண்ணி மேடம். அந்தத் தண்ணி வரிசைக்கு தெனமும் சாயங்காலம் ஊத்துதேன். நாத்து நட்டதுல இருந்தே ஊத்துதேன். வெள்ளைச்சாமி ஒண்ணும் பண்ணல."

இத்தனை நாள் இந்த நாற்றம் யாருக்கும் ஏன் தெரியவில்லை என்று நீங்கள் கேட்கலாம். மேடம் கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்கிய நாள் முதல் அவருக்கு இந்தத் தீவு முழுக்க மீன் வாடைதான். ஒரு மாசத்தில் பழகிவிட்டது, அப்புறம் எது எங்கே நாறினாலும் அவர் கவனிப்பதில்லை. எங்களுக்கோ அது வாடையே இல்லை, இப்படி மூடிய அறையில் மூக்கருகே திறந்தால் ஒழிய.

மேடம் மூக்கிலிருந்து கையை எடுத்தார். பிறகு ஒரே வார்த்தைதான் கேட்டார்.

"ஏன்?"

"ஒரு வரிசைக்கு மருந்து குடுக்கீய. பக்கத்து வரிசைக்கு வெறும் தண்ணி. ரெண்டும் நான் வளத்த பிள்ளையதான? மனசு கேக்கல மேடம். கமிட்டி வாரப்ப எல்லாம் நல்லா நிக்கணும், அப்பத்தான் வேல நிக்கும்னு நெனச்சேன். அது வளரலன்னு இன்னுங்கொஞ்சம் சேத்து ஊத்தினேன்."

சேர்த்து ஊற்ற ஊற்றச் செடி காவலைக் கூட்டியிருக்கிறது, வளர்ச்சியைக் குறைத்திருக்கிறது. குறைந்ததைப் பார்த்து இவள் இன்னும் ஊற்றியிருக்கிறாள். பெர்மனென்ட் ஆவதற்காக அவள் செய்த ஒவ்வொரு காரியமும் அந்தப் பெர்மனென்ட்டைத் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறது. மேடத்துக்கு இது ஒரு நொடியில் விளங்கியது முகத்தில் தெரிந்தது. நான் நோட்டை மூடிவிட்டேன்.

"நான் போயிருதேன் மேடம். வெள்ளைச்சாமிய வச்சுக்கிடுங்க. அவன நான் வேற ஏசிப்போட்டேன்" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கை மட்டும் அந்த மூடியைத் திருகிக்கொண்டே இருந்தது.

மேடம் கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"நீங்க போயிட்டா நாத்து நான் வளக்கறதாங்க? உக்காருங்க. நான் உங்களுக்குச் சொல்லியிருக்கணும். யாருக்குமே சொல்லல. அந்தத் தண்ணி வரிசை நல்லா நிக்கறதுக்கு வெச்சது இல்லைங்க, பிரிஸ்கில்லா. அது சாகறதுக்கு வெச்சது."

"சாவுறதுக்கா?"

"அது செத்தாத்தான் மருந்து வரிசை மருந்தாலதான் பொழைச்சதுன்னு சொல்ல முடியும். ரெண்டும் பொழைச்சா எனக்கு ஒண்ணுமே தெரியாது."

பிரிஸ்கில்லா பாட்டிலை மூடினாள்.

"அப்ப அதுவொ செத்தாத்தான் நான் பெர்மனென்ட்டு."

"ஆமாங்க."

"வளக்குறது நான்தான?"

"நீங்கதான். நல்லா வளக்கணும். நோஞ்சானா இருந்து செத்தாலும் கணக்குல வராது."

"டீக் ஹை மேடம்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். பாட்டிலை மறக்காமல் எடுத்துக்கொண்டாள். அதற்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்வேன்.

வெள்ளைச்சாமியைப் போகச் சொன்னதை மேடம் திரும்ப வாங்கிக்கொண்டார். பிரிஸ்கில்லா டீக்கடையில் அவனுக்கு டீயும் இரண்டு வடையும் வாங்கி எதிரே வைத்தாள். அவன் மிச்சமில்லாமல் சாப்பிட்டான். அந்த விவகாரம் அத்தோடு தீர்ந்தது.

கமிட்டி வருவதற்குள் ஒரு சுற்று முடிக்க மட்டும் நேரம் இருந்தது. புது விதை, புது மண், புதுச் சட்டம். பாலிஹவுஸுக்குள் வருகிறவர்கள் இறால் தொடக் கூடாது. பிரிஸ்கில்லா வீட்டில் உரிக்கும் வேலை ஜெரால்டுக்குப் போனது. கடலில் எவ்வளவு பெரிய அலைக்கும் அசராதவன், உரித்த இறாலில் பாதி ஓடு ஒட்டியிருக்கிறது என்று ஓட்டல்காரனிடம் திட்டு வாங்கினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து என் வீட்டுக்கே வந்துவிட்டான்.

"சார், நண்டு?" என்றான்.

"அதுவும் ஆகாது."

"காளான்?"

"காளானே பூஞ்சைதான்ப்பா."

"கரப்பான் ஓடுதே வீட்டுல, அதுக்கு?"

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். விசாரித்தால் கரப்பான்பூச்சியின் ஓட்டிலும் கைட்டின்தானாம். மிதித்திருந்தால் செருப்பை வெளியே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள் என்றார் மேடம். இதற்கும் ஒரு சுற்றறிக்கை டைப் அடித்தேன். என் தொழில் வாழ்க்கையில் கரப்பான்பூச்சி என்று அடித்தது அது ஒரு தடவைதான்.

நாற்றுகள் வந்தன. இந்தத் தடவை தண்ணீர் வரிசை ஒரு சாண் உயர்ந்து, பளபளவென்று, மருந்து வரிசையை விடவே வாட்டசாட்டமாக நின்றது. காவல் கவலை இல்லாத செடி அல்லவா. பிரிஸ்கில்லா அதற்கு ஒரு குறையும் வைக்கவில்லை. களை எடுத்தாள், வெயில் ஏறினால் நிழல்துணி இழுத்துவிட்டாள். வெள்ளைச்சாமி, "அக்கா, அந்த வரிசைய நான் பாத்துக்கிறேன், நீ இந்தப் பக்கமா இரு" என்று சொல்லிப் பார்த்தான். "நான் வளத்தத நானே பாத்துக்கிடுவேன்" என்றாள்.

பூஞ்சையைத் தெளித்தார்கள். முதலில் கடுகளவு பழுப்புப் புள்ளி. அதைச் சுற்றி மஞ்சள் வளையம். அப்புறம் வளையங்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன. இலைகள் கழன்று விழத் தொடங்கின. செடிக்குத் தெரியாமல் போய்விடவில்லை. உணரிகள் அடையாளம் கண்டிருக்கும், முத்திரைகள் கை மாறியிருக்கும். ஆனால் பூஞ்சை முந்திக்கொண்டது. மேடம் தினமும் அளவெடுத்து, தினமும் கொஞ்சம் சந்தோஷப்பட்டார். பக்கத்திலேயே பிரிஸ்கில்லா உதிர்ந்த இலைகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். மருந்து வரிசையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி விழுந்ததோடு சரி.

பாதி வரிசை மொட்டையான சமயத்தில், ஒரு காலை பஸ்ஸில் அவள் பையிலிருந்து அந்த வாடை வந்தது. இப்போது எனக்கு அது நன்றாகவே தெரிந்தது. பார்த்தால் கூல்டிரிங்க்ஸ் பாட்டில். நான் அதைப் பார்ப்பதை அவளும் பார்த்தாள். இருவரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம். மேடத்திடம் சொல்வது என் கடமை. நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், பதினொரு வருஷம் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தவளைக் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

சாயங்காலம் எல்லாரும் கிளம்பும் நேரம். என் ஜன்னலிலிருந்து பாலிஹவுஸ் வாசல் தெரியும். அவள் பாட்டிலோடு வாசலில் நின்றாள். உள்ளே போகவில்லை, திரும்பியும் வரவில்லை. அங்கிருந்தே அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இனிமேல் ஊற்றினாலும் அவை பிழைக்கப்போவதில்லை, அது அவளுக்கும் தெரிந்திருக்கும். ஊற்றினால் கமிட்டி பார்க்க வேண்டிய கணக்கு கெட்டுப்போகும், அதுவும் தெரிந்திருக்கும். எழுந்து போய்த் தடுக்கலாமா என்று நினைத்தேன், அதற்கும் கால் வரவில்லை.

கடைசியில் அவள் பண்ணையின் கேட் பக்கம் நடந்தாள். அங்கே யாரும் கவனிக்காத செம்பருத்தி ஒன்று நிற்கிறது. பாட்டிலை அதன் அடியில் கவிழ்த்தாள். பக்கத்தில் இன்னும் இரண்டு செம்பருத்தி இருந்ததால் பாதியில் நிறுத்தி, மூன்றுக்கும் பிரித்து ஊற்றினாள். குழாயடிக்குப் போய்க் கை கழுவினாள். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று என்னைக் கூப்பிட வந்தாள்.

கமிட்டி வந்தது. நாலு பேர், நாலு பேருக்கும் கப்பல் ஒத்துக்கொள்ளாமல் முகம் வெளிறியிருந்தது. மருந்து வரிசையைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார்கள். தண்ணீர் வரிசைக்கு வந்ததும் நின்றுவிட்டார்கள். குச்சி குச்சியாக நின்ற செடிகளைச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்தார்கள். எல்லாம் ஒரே உயரம், எல்லாம் ஒரே சீராகச் செத்திருக்கின்றன, இப்படி ஒரு ஒப்பீட்டு வரிசையைப் பெரிய பெரிய இடத்தில்கூடப் பார்த்ததில்லை என்று அவர்களில் மூத்தவர் சொன்னார். இதை வளர்த்தது யார் என்று இந்தியில் கேட்டார்.

மேடம் பின்னால் திரும்பி, கையைக் காட்டி, "பிரிஸ்கில்லா" என்றார். கொஞ்சம் சிரித்தும் விட்டார்.

மூத்தவர் அந்தப் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "பஹுத் அச்சா" என்றார். மற்ற மூவரும் அவளைப் பார்த்துத் தலையசைத்தார்கள். பிரிஸ்கில்லா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

திட்டம் மூன்று வருஷத்துக்கு நீண்டது. அவள் பெயரை மேடம் எழுதிவிட்டார். நான்தான் டைப் அடித்தேன், ஒரு பிழையும் இல்லாமல். ஃபைல் மேலே போயிருக்கிறது, ஒவ்வொரு மேஜையிலும் முத்திரை வாங்கிக்கொண்டிருக்கிறது. செடியாக இருந்தால் இதற்குள் முடிந்திருக்கும்.

நோய் பிடித்த செடிகளை எரித்துவிட வேண்டும் என்பது விதி. கமிட்டி போன மறுநாள் அவளே வேரோடு பிடுங்கி, குழியில் அடுக்கி, சிலுவை போட்டுக்கொண்டு, மண்ணெண்ணெய் ஊற்றினாள். பிடுங்கும்போது ஒன்றையும் விடவில்லை. அன்றைக்கு பஸ்ஸில் அவள் சேலையெல்லாம் புகை வாடை.

"அண்ணாச்சி, பதினோரு வருசமா எத்தன ஆயிரம் நாத்து வளத்து உயிரோட குடுத்திருப்பேன்" என்றாள்.

"இருக்கும்."

"ஒருத்தரும் பேரு கேக்கல. சாவக் குடுத்ததுக்குக் கேக்காவொ."

அவள் அழுதாள். சத்தமில்லாமல் அழுது, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வீட்டில் ஜெரால்ட் இறால் கூடையோடு காத்திருப்பான், இன்றைக்கு நானே உரிக்கலாம் என்றாள். வண்டூரில் இறங்கும்போது என் பையையும் சேர்த்து எடுத்துக் கொடுத்தாள்.